நூல் கட்டாத கிளாம்ப்

அன்று அந்த அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். டாக்டர் இருந்தார். நாற்காலியில் உசிலம்பட்டிப் பக்கத்துச் சம்சாரி ஒருவர் சாய்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். அவர் கால்மாட்டில் அவருடைய மனைவி. கதவோரம் அந்த அம்மாளின் தம்பி, காதில் செல்போன். டாக்டருக்கு எதிர்ப்பக்கம் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நான்.

நோயாளியோடு ஒருவர்தான் உள்ளே வரலாம் என்று கதவில் எழுதியிருக்கிறது. எழுதியது நான். ஒட்டியதும் நான். அந்தத் தாளின் மேல் சாய்ந்துகொண்டுதான் தம்பி பேசிக்கொண்டிருந்தார்.

பழங்காநத்தத்தில் அந்தப் பல் ஆஸ்பத்திரியில் எனக்கு அது பதினோராவது வருடம். சாமான் கழுவுவது, கிருமி போக ஆவியில் அவிப்பது, எடுத்துக் கொடுப்பது, கூட்டுவது எல்லாம் என் வேலை. டாக்டருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. அக்கா என்பார். நான் சார் என்பேன். கோபம் வந்தால் அவர் வீட்டில் பேசும் சௌராஷ்டிர பாஷைக்குப் போய்விடுவார். எனக்கு ஒன்றும் புரியாது. அது ஒரு வசதி.

கீழ்த்தாடையில் கடைசிக்கு முந்தின கடவாய்ப்பல். ஆழமான சொத்தை. குடைந்து சுத்தம் செய்து அடைக்க வேண்டும். இதற்குத்தான் கிளாம்ப்.

கிளாம்ப் என்பது கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சின்ன எஃகுச் சாமான். இரண்டு தாடை, இரண்டையும் சேர்க்கிற ஒரு வில். குறடு போன்ற ஒன்றால் விரித்துப் பல்லின் கழுத்தில் மாட்டினால் கவ்விக்கொள்ளும். அது ஒரு மெல்லிய பச்சை ரப்பர் விரிப்பைப் பிடித்து நிறுத்தும். விரிப்பின் ஓட்டை வழியாக அந்த ஒரு பல் மட்டும் வெளியே தெரியும். மற்ற வாய் முழுதும் மூடிக்கிடக்கும். எச்சில் பல்லுக்கு வராது. டாக்டர் கையிலிருந்து ஏதாவது நழுவினாலும் தொண்டைக்குள் போகாது.

தொண்டைக்குள் எதுவும் போகக் கூடாது என்றுதான் இந்த ஏற்பாடே. அன்றைக்கு அந்தக் கிளாம்பே தொண்டைக்குள் போய்விட்டதோ என்று ஓடினோம்.

இதற்கும் ஒரு காவல் உண்டு. கிளாம்பின் வில்லில் பல்லிடுக்கில் விடும் மெழுகு நூலைக் கட்டி, நுனியை வாய்க்கு வெளியே தொங்கவிட வேண்டும். கிளாம்ப் தெறித்து உள்ளே போனால் நூலைப் பிடித்து இழுத்துவிடலாம். கட்டிக் கொடுப்பது என் வேலை. பதினோரு வருடமாகக் கட்டுகிறேன்.

அன்று நூற்கண்டு தீர்ந்திருந்தது. புதுக்கண்டு கீழ் அலமாரியில் இருந்தது. குனிந்து எடுக்க அரை நிமிடம் ஆகும். டாக்டர் கையை நீட்டிக்கொண்டு, “சீக்கிரம்க்கா, வெளிய நாலு பேர் உட்கார்ந்திருக்காங்க” என்றார். கதவோரம் தம்பி கத்திக்கொண்டிருந்தார்.

“ஆமாப்பா, பல்லாஸ்பத்திரில இருக்கேன். மச்சானுக்குத்தான். வாயில பச்சை பலூனக் கட்டிப் போட்ருக்காக. இல்ல, ஒண்ணும் பேச மாட்டாரு. இன்னைக்குத்தான் வீடு நிம்மதி.”

நாற்காலியில் இருந்தவர் பச்சை ரப்பருக்குள்ளிருந்து ஏதோ ஏசினார். ‘ஆ’ மட்டும்தான் வெளியே வந்தது.

ரப்பர் மாட்டுவதற்கு முன்னாலேயே நான் கிளாம்பை அப்படியே கொடுத்திருந்தேன். நூல் இல்லாமல். டாக்டர் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியது அவர் வேலையும்தான். ஆனால் கட்ட வேண்டியது என் வேலை.

கிளாம்ப் ஈறைக் கொஞ்சம் கடித்திருந்தது. ரத்தம் வந்தது. பஞ்சுச் சுருளை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன். மனைவி நான் எடுத்துப் போட்ட தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏத்தா, இந்த ரத்தப் பஞ்சையெல்லாம் என்ன செய்வீக?”

“மஞ்சப் பையில போடுவோம்.”

“பெறகு?”

“வண்டி வரும். எடுத்துட்டுப் போவாக.”

“யாரு?”

“வர்றவுக.”

எனக்குக் கை நிறைய வேலை. அதற்கு மேல் சொல்லவில்லை.

முடிகிற நேரத்தில் டாக்டருக்குப் போன் வந்தது. பல் செட் செய்கிற லேப்பிலிருந்து. தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, “அந்தக் கலர் இல்லப்பா, அது எருமைப் பல்லு மாதிரி இருக்கு” என்று சொல்லியபடியே கிளாம்பைக் கழற்றினார். ரப்பரை உருவினார். பேசிக்கொண்டே வெளியே போனார். நான் நோயாளியை எழுப்பி வாய் கொப்பளிக்கச் சொல்லி, துப்புகிற தொட்டிப் பக்கம் பிடித்துக்கொண்டு நின்றேன். மரப்பு ஊசி போட்டிருந்ததால் தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்து சட்டையில் ஊற்றியது. துடைத்துவிட்டேன்.

போட்டது தற்காலிக அடைப்பு. ஒரு வாரம் கழித்து வரச் சொன்னோம். ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது என்றேன். மூன்று பேரும் போனார்கள்.

அதற்குப் பிறகு நான்கு பேர். கடைசி ஆள் போனபின்தான் சாமான்களைக் கழுவ உட்கார்ந்தேன். கிளாம்புகளை வைக்க ஓட்டை போட்ட ஒரு பலகை இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். கடவாய்ப்பல் கிளாம்பின் இடம் காலி.

தட்டில் பார்த்தேன். மஞ்சள் பையைக் கவிழ்த்துக் கொட்டி, கையுறை போட்டு ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ரப்பர் விரிப்புகள் இருந்தன. கிளாம்ப் இல்லை. உறிஞ்சும் குழாயின் வடிகட்டியைக் கழற்றினேன். அதற்குள் இருப்பதைப் பார்த்தால் மத்தியானச் சோறு இறங்காது. அதிலும் இல்லை. தொட்டிச் சல்லடையில் இல்லை. நாற்காலிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். யாரோ தவறவிட்ட ஒரு கொண்டை ஊசிதான் கிடைத்தது.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன்.

“உசிலம்பட்டிக்காரருக்குப் போட்ட கிளாம்பக் காணும் சார்.”

“தட்டுல போட்டேனே.”

“தட்டுல இல்ல.”

அவர் யோசித்தார். முகம் மாறியது. “போட்டேனா? ரப்பரோட வந்துச்சா? போன்ல இருந்தேன்க்கா. ஞாபகம் இல்ல.” பிறகு கேட்டார். “நூல் கட்டியிருந்தீங்கள்ல?”

“கட்டியிருந்தேன்” என்றேன்.

வாய் சொல்லிவிட்டது.

அவர் பெருமூச்சு விட்டார். “அப்ப பயமில்ல. உள்ள போயிருந்தா நூல் வெளிய தொங்கியிருக்கும். இங்கதான் கிடக்கும். நல்லாத் தேடுங்க.” சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்.

நான் மறுபடியும் தேடப் போனேன். தேடிய இடத்தையே தேடினேன். அந்த மனிதருக்கு நாக்கும் உதடும் மரத்திருந்தன. உள்ளே இறங்கியிருந்தாலும் அவருக்குத் தெரியாது. வயிற்றுக்குள் போனால் கிழிக்கலாம். மூச்சுக்குழலுக்குள் போனால் அதைவிட மோசம். நான் ஒரு சொல் சொன்னதால் டாக்டர் தயிர்ச்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அந்த ஆள் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறார்.

இரண்டு நிமிடம் இருக்கும். திரும்பிப் போனேன்.

“சார், நூல் கட்டல.”

கரண்டி நின்றது.

“கட்டுனேன்னீங்க.”

“பொய் சொன்னேன். கண்டு தீந்துருச்சு. எடுக்கல.”

அவர் எழுந்து நின்று அவர் பாஷையில் பேசினார். நிறையப் பேசினார். நான் நின்றேன். முடித்தபிறகு தமிழில், “போன் போடுங்க” என்றார்.

பதிவு நோட்டில் இருந்த எண் தம்பியுடையது. எடுத்தார்.

“எங்க இருக்கீக?” என்று கேட்டேன்.

“செக்கானூரணி தாண்டப்போறோம். யாரு?”

“பல்லாஸ்பத்திரி. எறங்கித் திரும்பி வாங்க. அண்ணனுக்கு ஒரு எக்ஸ்ரே எடுக்கணும்.”

“இப்பத்தான பாத்து அனுப்புனீக?”

“பல்லுல மாட்டுன இரும்பக் காணும். முழுங்கியிருப்பாரோன்னு பாக்கணும்.”

அவர் போனைக் கையால் மூடாமலே சொன்னார். “மச்சான், நீங்க ஆஸ்பத்திரி இரும்ப முழுங்கிட்டீகளாம்ல.”

“எந்த இரும்ப?” என்று நோயாளியின் குரல். வாய் கோணிய குரல். “எம்புட்டுப் பெருசு?”

“எம்புட்டுப் பெருசுன்னு கேக்குறாரு.”

“கட்டவிரல் நகம் அளவு. ஒண்ணும் சாப்பிடாம வரச் சொல்லுங்க.”

“ரெண்டு வாழப்பழம் உள்ள போயிருச்சே தாயி. ஸ்டாண்டுலயே தின்னுட்டாரு.”

ஒரு மணி நேரம் சாப்பிடக் கூடாது என்று நான் சொன்னது காற்றுக்குத்தான் போலிருக்கிறது.

வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரு மணி நேரமும் வாசலில் நின்றேன். ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே நோயாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“குத்துது” என்றார்.

“எங்க அண்ணே?”

“இங்க. இப்ப இங்க. நகருது.”

“மச்சான், செக்கானூரணில ஒண்ணும் குத்தலன்னீக” என்றார் தம்பி.

“அப்ப தெரியாதுல்ல மாப்ள. இப்பத்தான சொன்னாக.”

மனைவி முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார். நெற்றியில் புதிதாகத் திருநீறு. வருகிற வழியில் எங்கோ இறங்கிக் கும்பிட்டிருக்கிறார்கள். அதனால்தான் தாமதம்.

தெருக்கோடியில் எக்ஸ்ரே எடுக்கிற இடம். டாக்டரே கூட்டிப்போனார். நானும் போனேன். கழுத்து, நெஞ்சு, வயிறு என்று தனித்தனியாக எடுத்தார்கள். சட்டையைக் கழற்றச் சொன்னபோது அரைஞாண் கயிற்றில் இருந்த தாயத்தைக் கழற்ற மாட்டேன் என்று நோயாளி அடம் பிடித்தார். வயிற்றுப் படத்தில் தாயத்துத் தெரிந்தது. எக்ஸ்ரேக்காரர், “இருக்கு சார், இருக்கு” என்று குதித்துவிட்டார். டாக்டருக்கு வேர்த்துவிட்டது. கழற்றிவிட்டு மறுபடி எடுத்தார்கள். ஒன்றும் இல்லை.

மூன்றிலும் ஒன்றும் இல்லை. நான் சுவரில் சாய்ந்தேன்.

ஆனால் அதோடு முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தபிறகும் நோயாளி நம்பவில்லை.

“குத்துதுங்குறேன். படத்துல இல்லங்குறீக. வயிறு என்னுதா, படத்துதா?”

“இரும்பு இருந்தா வெள்ளையாத் தெரியும்ங்க.”

“பழத்துக்குள்ள மறைஞ்சிருந்தா?”

டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். “அக்கா, அதே மாதிரி இன்னொண்ண எடுத்துட்டு வாங்க. அண்ணனுக்குக் காட்டுவோம்.”

பலகையிலிருந்து ஒன்றை எடுத்து வந்து கொடுத்தேன். டாக்டர் உள்ளங்கையில் வைத்து நீட்டினார். “இந்தா பாருங்க. முழு எஃகு. உங்க தாயத்தே தெரிஞ்சுச்சு. இது தெரியாமப் போகுமா?”

நோயாளி பார்த்தார். தம்பி எட்டிப் பார்த்தார். அவர் தோளுக்கு மேலே மனைவி பார்த்தார். அந்த அம்மாள் அந்தச் சாமானை முழுசாகப் பார்த்தது அப்போதுதான். காலையில் அது ரப்பருக்கும் வாய்க்கும் நடுவே கிடந்தது.

அவர் கை முந்தானைக்குப் போனது. என்னைப் பார்த்தார். அறைக்கு வெளியே வரச் சொல்லித் தலையை ஆட்டினார். போனேன்.

“ஏத்தா. அது பஞ்சுக்குள்ள இருக்குமோ?”

“எந்தப் பஞ்சு?”

முந்தானை முடிச்சை அவிழ்த்தார். ஒரு கைக்குட்டை. அதற்குள் காய்ந்து கறுத்த ரத்தப் பஞ்சுச் சுருள்கள், ஒரு பந்தாக. காலையில் நான் தொட்டிப் பக்கம் நின்றபோது தட்டிலிருந்து அள்ளியது. கூடவே கல் உப்பு. நான் பிரித்தேன். நடுவில் கிளாம்ப் இருந்தது. பஞ்சு இழை சுற்றிக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அதை என்ன செய்வதென்று தெரியாமல் கிளாம்பை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். டாக்டர் முன்னால் மேசையில் வைத்தேன்.

“எங்க இருந்துச்சு?”

“மதினிகிட்ட.”

எல்லோரும் அந்த அம்மாளைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார். தம்பிதான் சிரித்தார்.

“எங்க அக்கா சலூன்ல இவரு முடியவே கூட்டி அள்ளிட்டு வர்ற ஆளு சார். பங்காளி கைக்குப் போயிருச்சுன்னா செய்வினை வச்சுருவானாம்.”

“ஏன்டி” என்றார் நோயாளி. இப்போது வாய் கோணவில்லை. வயிற்றையும் பிடிக்கவில்லை. “முடிய வெட்டுனா முடிய எடுத்த. நகத்த வெட்டுனா நகத்த எடுத்த. இப்ப ஆஸ்பத்திரிப் பஞ்சுமா?”

“அம்புட்டும் ஒங்க ரத்தம். வண்டி வரும், யாரோ எடுத்துட்டுப் போவாகன்னுச்சு இந்தப் புள்ள. யாருன்னு கேட்டா வர்றவுகங்குது. விட்டுட்டு வரச் சொல்றீகளா? கெணத்துத் தகராறுல ஒங்க பெரியப்பன் மகன் என்ன சொன்னான்? ஒன் ரத்தத்தக் குடிக்காம விட மாட்டேன்னான்ல?”

“அதுக்கு எனக்கு மூணு போட்டோவா?”

“இரும்பு உள்ள இருந்தது எனக்கு எப்படித் தெரியும்? யாரும் பஞ்சக் கேக்கலையே. இரும்பத்தான கேட்டாக.”

உண்மைதான். மூன்று பேரும் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து இரண்டு மணி நேரம் ஆகிறது. அந்த அம்மாளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

“மச்சான், படத்த மூணையும் பிரேம் போட்டு மாட்டிருவோம்” என்றார் தம்பி. “பங்காளி வந்து பாக்கட்டும். உள்ள ஒண்ணுமில்லாத ஆளுன்னு தெரிஞ்சுக்குவான்.”

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

அவர்கள் போனபிறகு டாக்டர் சொன்னது இவ்வளவுதான். “நூல் கட்டலைங்கறதை விடுங்கக்கா. அந்த ரெண்டு நிமிஷத்த மட்டும் இன்னொரு தடவ செய்யாதீங்க.”

“இல்ல சார்” என்றேன்.

“நான் வேலை நேரத்துல இனிமே போன் எடுக்கல” என்றார். அதில் மூன்று நாள் நின்றார்.

ஒரு வாரம் கழித்து அவர்கள் நிரந்தர அடைப்புக்கு வந்தார்கள். வர மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். வேறு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள், நம்மைப் பற்றி ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். வந்தார்கள். ஒருவர்தான் வரலாம் என்ற தாளைத் தாண்டி, மறுபடியும் மூன்று பேரும் உள்ளே.

புதுக்கண்டிலிருந்து நூலை வெட்டினேன். கிளாம்பில் இரண்டு முடிச்சுப் போட்டேன். டாக்டர் கையில் கொடுக்கும் முன் நோயாளியிடம் காட்டினேன். அவர் நூலை இழுத்துப் பார்த்தார். மாட்டியபிறகு, வெளியே தொங்கிய நுனியைத் தன் ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டார். விடவே இல்லை. டாக்டர் தலையை இந்தப் பக்கம் திருப்பச் சொன்னால் கையும் கூடவே வந்தது. வேலைக்கு இடைஞ்சல்தான்.

மனைவி என் பக்கத்தில் வந்து நின்றார். இந்தத் தடவை நானே சொன்னேன். மஞ்சள் பை, அதில் மருந்துத் தண்ணீர் தெளித்துக் கட்டுவது, சீட்டு ஒட்டுவது, ஆஸ்பத்திரிக் கழிவுக்கென்று வருகிற வண்டி, ஊருக்கு வெளியே இருக்கிற சூளை. அதில் போட்டால் சாம்பல்கூட ஒழுங்காக மிஞ்சாது.

“எரிச்சுருவாகளா?”

“எரிச்சுருவாக மதினி.”

“அத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல ஒன் வாயால.”

சொல்லியிருக்கலாம். நான்கு வார்த்தைதான்.

“நானே பையில போடுறத எண்ணிக்கிறேன்” என்றார்.

“எண்ணுங்க.”

வேலை முடிந்தது. டாக்டர் கிளாம்பை எடுத்து, தூக்கிக் காட்டி, தட்டில் வைத்தார். நோயாளி விரலிலிருந்து நூலை அவிழ்த்தார். நான் அதை வெட்டித் தனியே வைத்தேன். பஞ்சுச் சுருள்களைக் குறடால் ஒவ்வொன்றாகத் தூக்கினேன். மனைவி வாய்விட்டு எண்ணினார். பஞ்சு ஆறு. நூல் ஒன்று. கிளாம்ப் ஒன்று.

எட்டு.